விக்டோரியா கால அறப்பணிச் சிறுபிரசுரங்கள்

விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837–1901) மருத்துவமனை, ஏழைப் பள்ளி, ஆதரவற்றோர் இல்லம், நிவாரண நிதி முதலியவற்றுக்குப் பணமும் ஆதரவும் திரட்ட இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட சிறு வெளியீடுகள். சில ஒரே தாளை மடித்தவை. சில பதினாறு பக்கமோ அதற்குச் சற்று மேலோ கொண்டு, மெல்லிய காகித உறையோடு நூலால் தைக்கப்பட்டவை. இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் பாதிரிமார்களும் சங்கச் செயலாளர்களும்தாம். ஆனால் சார்லஸ் டிக்கன்ஸ், பிரௌனிங் தம்பதியர், டென்னிசன், கிறிஸ்டினா ரோசெட்டி, ஜான் ரஸ்கின், ருட்யார்ட் கிப்ளிங் ஆகியோரின் எழுத்தும் இந்த வடிவில் வெளிவந்தது. இலவசமாகவோ ஆறு பென்ஸுக்கோ கைமாறிய இந்தத் தாள்களை 1880களிலிருந்து முதற்பதிப்புச் சேகரிப்பாளர்கள் தேடத் தொடங்கினார்கள். நூல் வணிக வரலாற்றின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று பிறந்ததும் அந்தத் தேட்டத்திலிருந்துதான்.

தோற்றம்

1834இன் ஏழையர் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஏழைகளுக்கு அரசு முதன்மையாகக் காட்டிய வழி பணிமனை விடுதிதான். அதன் கெடுபிடிக்கு அஞ்சியே பலர் பட்டினி கிடந்தார்கள். நோய், கல்வி, முதுமை எல்லாவற்றையும் சந்தாவில் இயங்கும் தனியார் சங்கங்கள் பார்த்துக்கொண்டன. சந்தா சேர்க்க இரண்டு வழிகள் நிலைபெற்றன. ஒன்று ஆண்டு விருந்து: பெயர் பெற்ற ஒருவர் தலைமை தாங்கிப் பேசுவார், உணவு முடிந்ததும் நன்கொடைப் பட்டியல் வாசிக்கப்படும், பேச்சு பின்னர் அச்சேறும். மற்றொன்று சீமாட்டிகள் நடத்திய பஜார். பின்னல் வேலை, பூவேலை, பொம்மைகளுக்கு நடுவே ஒரு மேசையில் புத்தகமும் இருக்கும். 1845 மே மாதம் தானியச் சட்ட எதிர்ப்பு இயக்கத்தார் கோவென்ட் கார்டன் அரங்கில் நடத்திய பெரும் பஜாருக்காகவே ஹாரியெட் மார்ட்டினோ ‘டான் ஐலண்ட்’ என்ற கதையை எழுதித் தந்தார். அந்த நிதி அரசியலுக்கானது என்றாலும், கடை விரித்த முறை அறப்பணிச் சங்கங்களுடையதேதான்.

டிக்கன்ஸ்

இந்தத் துறையில் முதலிடம் டிக்கன்ஸுக்கு. அவருடைய பட்டியல் எழுதாமல் விட்ட ஒரு பிரசுரத்திலிருந்தே தொடங்குகிறது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய அரசு ஆணைய அறிக்கையை 1843 மார்ச்சில் படித்தவர், ஏழையின் பிள்ளைக்காக இங்கிலாந்து மக்களிடம் முறையிடும் மலிவுப் பிரசுரம் ஒன்றை எழுதப்போவதாக அந்த ஆணையத்தின் உறுப்பினரான டாக்டர் சவுத்வுட் ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே எண்ணத்தை மாற்றிக்கொண்டார். ஆண்டு முடிவில் அதைவிடப் பன்மடங்கு ஓங்கிய அடி விழும் என்றார். டிசம்பர் 19 அன்று ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ வெளிவந்தது. ஐந்து ஷில்லிங் விலை. கிறிஸ்துமஸுக்குள் ஆறாயிரம் படிகள் தீர்ந்தன. அந்தப் பிரசுரம் எழுதப்பட்டிருந்தால் இன்று நூற்பட்டியல்காரர்கள் மட்டுமே அதை அறிந்திருப்பார்கள்.

எழுதியவற்றில் தனித்து நிற்பது 1847ஆம் ஆண்டின் துண்டுப்பிரசுரம். வங்கிக் குடும்பத்தின் செல்வ வாரிசான ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் யுரேனியா காட்டேஜ் என்ற இல்லத்தை நிறுவினார். தெருவில் உடலை விற்றுப் பிழைத்த பெண்களும் சிறையிலிருந்து வெளிவந்த பெண்களும் அங்கே தொழில் கற்றுப் பின் குடியேற்ற நாடுகளுக்குப் போய்ப் புது வாழ்வு தொடங்குவது திட்டம். இல்லத்தின் அன்றாட நிர்வாகத்தையே ஏற்றிருந்த டிக்கன்ஸ், சிறையிலிருக்கும் பெண்கள் கையில் கொடுக்க ஒரு வேண்டுகோளை எழுதி அச்சிட்டார். அதில் ஆசிரியர் பெயர் இல்லை. மேடையில் முழங்கும் டிக்கன்ஸும் அதில் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் தாழ்ந்த குரலில் பேசுவதுபோல எழுதியிருக்கிறார். சிறைக் கொட்டடியில் கொடுத்த தாளை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. பெயரும் இல்லை, விலையும் இல்லை, வாங்கியவளுக்குப் பெட்டியும் இல்லை.

1852 பிப்ரவரியில் பத்துக் கட்டில்களோடு தொடங்கப்பட்ட கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனைக்காக அவர் செய்தது இதற்கு நேர்மாறான வகை. அந்த ஏப்ரலில் தம் ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் ஹென்றி மோர்லியோடு சேர்ந்து ‘ட்ரூப்பிங் பட்ஸ்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். 1858 பிப்ரவரி 9 அன்று மருத்துவமனையின் நிதி விருந்துக்குத் தலைமை தாங்கிப் பேசினார். அந்தப் பேச்சைப் பின்னர் மருத்துவமனையே அச்சிட்டு வழங்கியது. இரண்டு மாதம் கழித்து அதே நிதிக்காகக் ‘கரோலை’ப் பொதுமேடையில் வாசித்தார். சேர்ந்த பணத்தில் பக்கத்து வீடு வாங்கப்பட்டுக் கட்டில்கள் கூடின.

‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் அச்சிடப்படுவதில்லை. எது டிக்கன்ஸ், எது மற்றவர் என்ற வழக்குக்குத் தீர்ப்புத் தருவது துணையாசிரியர் டபிள்யூ. எச். வில்ஸ் எழுதி வைத்த அலுவலகப் பேரேடு. கட்டுரைக்கு இன்னாருக்கு இவ்வளவு கூலி என்று குறித்த அந்தக் கணக்குப் புத்தகம் இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், மாரிஸ் பாரிஷ் சேகரிப்பில் இருக்கிறது.

அறப்பணிச் சங்கத்தையே தாக்கிய பிரசுரமும் அவர் பெயரில் உண்டு. வறிய எழுத்தாளர்களுக்கு உதவ 1790இல் தோன்றிய இலக்கிய நிதியம், கொடுக்கும் உதவியோடு ஒப்பிட்டால் நிர்வாகத்துக்கு அளவுமீறிச் செலவிடுகிறது என்று சார்லஸ் டில்க், டிக்கன்ஸ், ஜான் ஃபார்ஸ்டர் மூவரும் 1858இல் கையொப்பமிட்டு ஒரு சிறுபிரசுரம் வெளியிட்டனர். நிதியம் அசைந்து கொடுக்கவில்லை.

கவிஞர்கள்

1854இல் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் தங்கை அரபெல்லா, லண்டனில் ஆதரவற்ற சிறுமியருக்கான இல்லத்துக்காக ஒரு பஜார் நடத்தினார். அப்போது ரோமில் இருந்த அக்காவும் அவர் கணவரும் ஆளுக்கு ஒரு கவிதை அனுப்பினார்கள். எலிசபெத் அனுப்பியது ஏழைப் பள்ளிகளுக்கான விண்ணப்பம். ராபர்ட் அனுப்பியது ‘தி ட்வின்ஸ்’. சாப்மன் அண்ட் ஹால் நிறுவனத்தின் பெயரோடு ‘டூ போயம்ஸ்’ ஆறு பென்ஸுக்கு விற்கப்பட்டது. இருபெரும் கவிஞர்கள், கணவனும் மனைவியுமாக, ஒரே சிற்றேட்டில் சேர்ந்தது இது. அப்படியிருந்தும் இந்த வகையில் ஓரளவு எளிதாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று.

டென்னிசனின் தாள் போரோடு தொடர்புடையது. கிரிமியப் போரில் பாலக்லாவாவில் அழிந்த குதிரைப்படையைப் பற்றிய அவருடைய கவிதை 1854 டிசம்பரில் ‘எக்ஸாமினர்’ இதழில் வந்தது. அடுத்த ஆண்டு ‘மாட்’ தொகுப்பில் சேர்த்தபோது நண்பர்களின் பேச்சைக் கேட்டு, ஆணையிட்டவரின் தவறைச் சொல்லும் அடியை நீக்கிவிட்டார். களத்திலிருந்த வீரர்கள் இந்தக் கவிதையைக் கேட்கிறார்கள் என்று ஒரு பாதிரியார் வழியாகத் தெரியவந்ததும், விட்ட அடியைத் திரும்பச் சேர்த்து 1855 ஆகஸ்டில் ஆயிரம் தாள்கள் அச்சிட்டு அனுப்பினார். பின்னாளைய பதிப்புகளில் நின்றது வீரர்களுக்குச் சென்ற அந்த அடிதான். மூலபாடத்தை ஆராய்கிறவர்களுக்கு ஓர் அறப்பணித் தாள் இவ்வளவு நேரடியாகப் பயன்பட்ட இடம் வேறில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபோது, எமிலி ஃபெய்த்ஃபுல் 1863இல் ‘போயம்ஸ்: ஆன் ஆஃபரிங் டு லங்காஷயர்’ என்ற தொகுப்பை அச்சிட்டார். பெண்களை அச்சுக்கோக்கப் பழக்கிய விக்டோரியா அச்சகத்தை 1860இல் நிறுவியவர் அவர். கிறிஸ்டினா ரோசெட்டியின் ‘எ ராயல் பிரின்சஸ்’, அவர் அண்ணன் டான்டே கேப்ரியேலின் ‘சடன் லைட்’ இரண்டும் இதில் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அடிலெய்டு பிராக்டர், வீடற்ற பெண்களும் குழந்தைகளும் இரவு தங்கும் பிராவிடன்ஸ் ரோ விடுதிக்காக ‘எ சாப்லெட் ஆஃப் வெர்சஸ்’ என்ற தொகுப்பைத் தந்திருந்தார்.

காலத்தின் கடைசியில் வந்தது அளவில் எல்லாவற்றையும் விஞ்சியது. போயர் போருக்குப் போன வீரர்களின் குடும்பங்களுக்காகக் கிப்ளிங் எழுதிய ‘தி ஆப்சென்ட்-மைண்டட் பெகர்’ 1899 அக்டோபர் 31 அன்று ‘டெய்லி மெயில்’ நாளிதழில் வந்தது. ஆர்தர் சல்லிவன் அதற்கு இசையமைத்தார். தாளிலும் பட்டுத் துணியிலும் அச்சாகி விற்று, இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. கவிதை சுமார் ரகம். நிதி திரட்டும் கருவியாக அதற்கு இணையில்லை. எங்கும் கிடைப்பதால் சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

அரிதானதன் காரணம்

1842 பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொரு வெளியீட்டின் ஒரு படியும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். பதிப்பாளர்கள் அனுப்பினார்கள். பஜார் குழுவுக்கோ மருத்துவமனைச் செயலாளருக்கோ அப்படி ஒரு நினைப்பே வருவதில்லை. கடைக்குப் போகாத வெளியீட்டுக்கு விளம்பரமும் மதிப்புரையும் கிடையா. பல பிரசுரங்களின் கடைசியில் நன்கொடைப் படிவம் இருந்தது. கொடுத்தவர் அதைக் கிழித்துப் பணத்தோடு அனுப்பிவிடுவார். சேகரிப்பாளருக்கோ பக்கம் குறையாத படிதான் வேண்டும். ஆக, காசு கொடுக்காமல் நழுவியவர் வீட்டுப் படிக்கே இன்று விலை கூடுதல்.

நன்கொடையே ஒரு நூலை அரிதாக்கிய விந்தையும் உண்டு. 1865இல் அச்சிட்ட ‘ஆலிஸ்’ முதற்பதிப்பின் அச்சுத்தரம் ஓவியர் டென்னியலுக்குப் பிடிக்கவில்லை. லூயிஸ் கரோல் படிகளைத் திரும்பப் பெற்று, வந்தவற்றைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவிட்டார். நோயாளிக் குழந்தைகள் அவற்றைப் புரட்டித் தீர்த்தார்கள். இப்போது அறியப்பட்டவை இருபத்துச் சொச்சம் படிகளே. 1886இல் அவருடைய கையெழுத்துப் படியின் நகல் பதிப்பு வெளிவந்தபோது அதன் இலாபமும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கே என்று அறிவித்தார்.

சேகரிப்பும் மோசடியும்

பழங்கால நூல்களை விட்டு, உயிரோடிருக்கும் அல்லது அண்மையில் மறைந்த ஆசிரியர்களின் முதற்பதிப்புகளைத் தேடும் பழக்கம் 1880களில் பரவியது. ஒரு கவிதை தொகுப்பில் சேரும் முன் தனியாக அச்சான சிறுபிரசுரமே உச்சமான சேகரம் என்ற விதி அப்போது உருவானது. அந்த விதியை வலுப்படுத்தியவர்களில் முன்னணியில் இருந்தவர் தாமஸ் ஜேம்ஸ் வைஸ் (1859–1937). வாசனை எண்ணெய் வணிக நிறுவனத்தில் எழுத்தராகத் தொடங்கி, நூல்விவரணச் சங்கத்தின் தலைவராக உயர்ந்தவர். ஆஷ்லி நூலகம் என்ற அவருடைய சேகரிப்பு உலகப் புகழ் பெற்றது. தேவைக்கு ஏற்ற பிரசுரங்கள் சந்தையில் இல்லாதபோது அவர் அவற்றை அச்சிட்டே உருவாக்கினார். கூட்டாளி ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மன்.

நடந்திராத ஒன்றை வைஸ் கற்பனை செய்யவில்லை. நடந்ததன் ஓரத்தில் ஒரு பொய்யை ஒட்டவைத்தார். ரஸ்கின் 1864 டிசம்பர் 14 அன்று மான்செஸ்டரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளிகளுக்காக ஆற்றிய உரை மெய். அந்த நிதிக்காக அதே ஆண்டில் அச்சிடப்பட்டதாக முகப்பில் போட்டுக்கொண்ட ‘தி குவீன்ஸ் கார்டன்ஸ்’ பொய். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிப்பு பஜாருக்காக ஆண்டுதோறும் வந்த ‘லிபர்ட்டி பெல்’ மலரில் எலிசபெத் பிரௌனிங்கின் ‘தி ரன்அவே ஸ்லேவ் அட் பில்கிரிம்ஸ் பாயிண்ட்’ வெளிவந்தது மெய். 1849இல் லண்டனில் தனியே அச்சானதாகக் காட்டிய பிரசுரம் பொய். எமிலி ஃபெய்த்ஃபுல்லின் அச்சக முத்திரையோடு டென்னிசனின் ‘தி செய்லர் பாய்’ ஒன்றும் இப்படிப் பிறந்தது. அறப்பணி வைஸுக்கு அருமையான மறைவிடம். ஏன் யாரும் இதைப் பார்த்ததில்லை, ஏன் அருங்காட்சியகத்தில் படி இல்லை என்ற கேள்விகளுக்கு, ஊர்க்குழு ஒன்று நிதிக்காக அச்சிட்டது என்ற ஒற்றை வரியே விடையாகிவிடும்.

முதல் ஓட்டை அந்த ரஸ்கின் பிரசுரத்தில்தான் தெரிந்தது. ரஸ்கினின் முழுத்தொகுப்பைப் பதிப்பித்த குக்கும் வெடர்பர்னும் வரிக்கு வரி ஒப்பிட்டபோது, 1864 என்று போட்ட அந்தப் பாடத்தில் ரஸ்கின் 1871இல் செய்த திருத்தங்கள் இருந்தன. அதைப் போலி என்று அச்சிலேயே எழுதினார்கள். நூல் சந்தை அப்போது அசரவில்லை. 1934இல் ஜான் கார்ட்டர், கிரகாம் பொல்லார்ட் என்ற இளம் நூல் வணிகர்கள் காகிதத்தையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் செய்தார்கள். இங்கிலாந்துக் காகிதத்தில் எஸ்பார்டோ புல் கலந்தது 1861 முதல். இரசாயன மரக்கூழ் வந்தது 1874 முதல். வைஸின் மற்றொரு போலியான, 1847 என்று போட்ட எலிசபெத் பிரௌனிங்கின் சானெட் கவிதைப் பிரசுரத்தில் மரக்கூழ் இருந்தது. எழுத்துருவும் காட்டிக்கொடுத்தது: அதிலிருந்த எஃப், ஜே எழுத்துகளின் வடிவம் ரிச்சர்ட் கிளே அச்சகத்துக்கு 1880க்குப் பிறகே வந்தது. வைஸ் நேரான பதில் தரவில்லை. அவர் இறந்தபின் ஆஷ்லி நூலகத்தைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 66,000 பவுண்டுக்கு வாங்கியது. அருங்காட்சியகத்தின் பழைய நாடக நூல்களிலிருந்தே தாள்களைக் கிழித்து அவர் தம் படிகளை நிறைவு செய்திருந்தது 1950களில் டேவிட் ஃபாக்ஸனின் ஆய்வில் வெளிப்பட்டது.

இன்றைய நிலை

அசல் பிரசுரங்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத் தலைவராக இருந்த ஜான் ஜான்சன், பிறர் குப்பையில் போடும் அச்சுத்தாள்களைத் திரட்டினார். 1968இல் போட்லியன் நூலகத்துக்கு மாறிய அந்தச் சேகரிப்பு அறப்பணி அறிக்கைகளைத் தேடுவோருக்கு நல்ல தொடக்கம். வாங்குவோர் இப்போது பொருளாளர் பெயர், வங்கியின் பெயர், சங்கத்தின் முகவரி ஆகியவற்றை அந்த ஆண்டின் அறிக்கையோடு ஒத்துப்பார்க்கிறார்கள். ஆசிரியர் பெயரைவிட இந்தச் சில்லறை விவரங்களே கூடுதல் சான்று.

வைஸின் போலிகள் தனிச் சேகரிப்புத் துறையாகிவிட்டன. அவரிடம் ஏராளமாக வாங்கிய சிகாகோ செல்வர் ஜான் ஹென்றி ரென்னின் நூலகம் 1918இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே ஃபேனி ராட்ச்ஃபோர்ட், வைஸ் ரென்னுக்கு எழுதிய கடிதங்களை 1944இல் பதிப்பித்தார். கார்ட்டர்–பொல்லார்ட் ஆய்வுக்கு நிக்கோலஸ் பார்க்கரும் ஜான் காலின்ஸும் 1983இல் வெளியிட்ட தொடர்நூல், ஃபோர்மனின் பங்கை விரிவாக நிறுவிப் போலிகளின் பட்டியலையும் நீட்டியது. பழம்புத்தக வணிகர்களின் விலைப்பட்டியலில் ‘தி குவீன்ஸ் கார்டன்ஸ்’ இப்போது வைஸின் பெயரைச் சொல்லியே விற்கப்படுகிறது.