மலைமேல் போட்ட பழி

அப்பாவின் பழைய கோப்பைக் குடைந்தபோது 2009-ஆம் ஆண்டு ரசீது ஒன்று கிடைத்தது. ஹெட் கேஸ்கெட் மாற்றியதற்கு 11,400 ரூபாய். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாரில் கார் கொதித்து நின்ற கதை அது. "மலையில ஓட்டுனா அப்படித்தாங்க" என்றார்கள் சர்வீஸில். கோவையில் சமதரையில் ஓட்டியவர்களுக்கும் அதே மாடலில் அதே கேஸ்கெட்தான் போனது என்பது பிற்பாடு தெரிந்தது.

அன்று திரும்ப அழைக்கும் சட்டமே நம்மிடம் இல்லை. 2012-இல் கார் கம்பெனிகளின் சங்கமான சியாம் தானாக ஒரு நெறிமுறை வகுத்தது, அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு 2019 திருத்தத்தில் நுழைந்து, 2021 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அரசு உத்தரவிட்டால் கம்பெனி பழுதுபார்க்க வேண்டும், வேறு வண்டி தர வேண்டும், இல்லையென்றால் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். நாம் ஏற்கெனவே கட்டிய பில்? அதைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. அமெரிக்காவில், பாதுகாப்புக் குறை என்றால், அறிவிப்புக்கு முன் செய்த செலவையும் கொடுக்கச் சொல்லி 2000-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

நமக்கு மிச்சம் நுகர்வோர் மன்றம். அது ஊட்டியிலேயே இருந்தது; 1986 சட்டமும் இருந்தது. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், குறையை நாம்தான் நிரூபிக்கவேண்டும். ரசீதின் பின்பக்கம் அப்பா தேதி, கிலோமீட்டர் எல்லாம் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். கெடு 2011-இலேயே முடிந்துவிட்டது.