காய்ச்சலைக் கணக்கெடுத்த வரலாறு

பிழைப்பின் பொருட்டுத் திருச்சானூருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நாம். கார்த்திகைப் பஞ்சமியன்று பத்மசரோவரத்தில் நீராட நாற்றிசையினின்றும் மக்கள் திரள்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். மக்கள் திரளும் ஊருக்கு நோயும் உடன் வருதல் இயல்பு. ஆகவே, கொசுவால் பரவும் நோய்களை நம் நாடு கண்காணித்த வரலாற்றை இம்மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

மலேரியாவின் மர்மம் துலங்கியது தெலுங்கு மண்ணிலேயாகும். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் டாக்டர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியைக் கண்டார். எனினும், நாடு விடுதலை பெற்ற காலத்திலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டுள்ளனர்.

1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1958இல் அதுவே ஒழிப்புத் திட்டமாயிற்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தது பலரும் அறிந்ததே. அதற்கு நிகரான பணியொன்று ஓசையின்றி நடந்தது. 10,000 மக்களுக்கு ஓர் ஊழியர் வீதம் அமர்த்தி, பதினைந்து நாட்களுக்கொருமுறை வீடுதோறும் சென்று, “யாருக்கேனும் காய்ச்சல் உண்டா?” என வினவச் செய்தனர். உண்டென்றால் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிச் சோதனைக்கு அனுப்பினர்; மாத்திரையும் தந்தனர். 1965இல் நோயாளர் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. அவ்வாண்டில் சாவு ஒன்றும் பதிவாகவில்லை.

அவ்வெற்றியே நம் கண்ணை மறைத்தது. மருந்து போதவில்லை, கொசுக்களும் அதனைத் தாங்கப் பழகின, இரத்தத் தகடுகள் சோதிக்கப்படாமல் தேங்கின. 1976இல் நோயாளர் தொகை 64 லட்சத்தைத் தாண்டிற்று.

நம் அண்டை ஊராகிய வேலூரும் இதே பாடத்தைக் கூறுகிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை திருச்சானூரும் வேலூரும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1955இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், மூளைக்காய்ச்சலுடன் வந்த குழந்தைகளைக் கூர்ந்து நோக்கினர். புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தின் துணையால் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தெளிந்தது. அந்நோய் இந்திய மக்களிடம் அறியப்பட்டது அதுவே முதன்முறை. நெல்வயல் நீரில் பெருகும் கொசுக்களே பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரைகளிடமிருந்தும் அக்கிருமியை மனிதருக்குக் கொணர்கின்றன.

1964இல் சென்னையிலும் வேலூரிலும் சிக்குன்குனியா பரவிற்று. பின்னர் நெடுங்காலம் ஓய்ந்திருந்தமையால் அதன் பெயரையும் மக்கள் மறந்தனர். 2006இல் அது மீண்டும் வந்து, ஆந்திரம், தமிழகம், கருநாடகம் முதலிய மாநிலங்களில் எண்ணற்றோரை மூட்டுவலியால் முடக்கிற்று.

இவ்வரலாறு நம் காலனிக்கும் உரியதே. இன்று சுகாதார ஊழியர் நம் வாயிலில் நின்று, “ஜ்வரம் உந்தா?” என்று தெலுங்கில் கேட்கிறார். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பரோ என்றஞ்சி, உள்ளே குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போதும் “இல்லை” என்று கதவைச் சார்த்தியவர் நம்மிலும் உண்டு. நாம் மறைத்த காய்ச்சல் ஊழியரின் கணக்கில் ஏறாது; கொசுவோ அதனை அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொண்டு செல்லும்.

டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசு முட்டையினின்று வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஆதலின் வாரம் ஒருநாள் தொட்டியையும் பீப்பாயையும் வடித்துத் தேய்த்துக் கழுவுவோம். தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் நீர் தேங்க விடாதிருப்போம். கேட்க வருபவரிடம் உள்ளதை உள்ளபடி உரைப்போம். நம் பிள்ளைகளோடு அயலார் பிள்ளைகளையும் காக்கும் கடமை நம்முடையது அன்றோ!