திவவும் திருகாணியும்

நரம்பிசைக் கருவி எதுவாயினும் அதில் இரண்டு செயல்கள் நிகழவேண்டும். நரம்பை வேண்டும் அளவுக்கு இறுக்குதல் ஒன்று. இறுக்கியதை நெகிழாது நிறுத்துதல் மற்றொன்று. முன்னது எளிது, பின்னது அரிது. இவ்வரிய செயலை முடிக்க மாந்தர் கண்ட வழிகள் பல. பழந்தமிழர் யாழ்க்கோட்டில் வாரால் கட்டிய திவவு அவற்றுள் ஒன்று. மேலைநாட்டுக் கிதாரின் தலையில் பொருத்தப்படும் பல்சக்கரத் திருகாணி மற்றொன்று. திருகாணியின் வரலாற்றையும், கையால் செய்த கிதாரில் அதனைப் பொருத்தும் முறையையும் முதலில் காண்போம். திவவைப் பாடிய புலவர்களின் கண்ணோட்டம் எத்தகையது என்பது அதன்பின் தெளிவாகும்.

மரமுளையின் காலம்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பெரிதும் வழங்கிய கிதார் ஐந்து இணை நரம்புகளை உடையது. அந்நரம்புகள் விலங்கின் குடலிலிருந்து திரிக்கப்பட்டவை. தட்டையான தலைப்பலகையில் பின்புறமிருந்து செருகிய மரமுளைகள் அவற்றை இறுக்கின. நம் வீணையின் பிருடையும் இவ்வினத்ததே. முளையும் சற்றே கூம்பியது. அது புகும் துளையும் அவ்வாறே கூம்பியது. அழுத்தித் திருகினால் மரம் மரத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த உராய்வு ஒன்றே நரம்பின் இழுவிசை முழுவதையும் தாங்கி நிற்பது.

மழைக்காலத்தில் மரம் பருத்து, முளை அசைய மறுக்கும்; வறண்ட கோடையில் சுருங்கி, வழுக்கிச் சுழன்றுவிடும். முளையின் ஒரு சுற்று நரம்புக்கும் ஒரு சுற்றே ஆதலின், கை மயிரிழை பிசகினும் சுருதி தாண்டிவிடும். ஆகவே சுருதி சேர்த்தல், வாசிப்பவர் பன்னாள் பழகித் தேறவேண்டிய தனிக்கலையாக இருந்தது.

திருகுபுரியின் வருகை

திருகுபுரித் தண்டு ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு மிகப் பழையது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரோன் என்னும் அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அதனை விளக்கியுள்ளார். நம் நாட்டிலும், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்த கைப்பொறியின் இரண்டு உருளைகளை எதிரெதிராகச் சுழலச் செய்தவை மரத்தில் செதுக்கிய திருகுபுரிகளே. இவ்வமைப்பு இசைக்கருவிக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. தடித்த நரம்புகளைக் கொண்ட டபுள் பாஸ் போன்ற பெருங்கருவிகளை மரமுளையால் சுருதி சேர்ப்பது கடினம். 1778ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துக் கருவிக் கைவினைஞர் பாக்மன் அவற்றுக்குத் திருகுபுரிப் பொறியை அமைத்தார்.

இப்பொறியின் சிறப்பு அதன் ஒருவழி இயக்கத்தில் உள்ளது. குமிழைத் திருகினால் தண்டு சக்கரத்தைச் சுழற்றும். நரம்பு எவ்வளவு இழுப்பினும் சக்கரம் தண்டைச் சுழற்றமாட்டாது. புரியின் சாய்வு மிகச் சிறிதாக இருப்பதே காரணம். மேலும், சக்கரத்திற்குப் பற்கள் 14 எனின், குமிழை 14 முறை சுற்றினால்தான் நரம்பு சுற்றிய உருளை ஒருமுறை சுழலும். கையின் பிசகு பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் இயோகான் கியோர்க் சுடாஃபர் (1778–1853), ஆறு குமிழ்களும் ஒரே பக்கத்தில் அமைந்த வளைந்த தலையைச் செய்தார். இலண்டனில் லூயி பனோர்மோ (1784–1862), தலைப்பலகையில் இரண்டு நீண்ட காடிகளை ஊடுருவ வெட்டி, பக்கத்திற்கு மூன்றாக உருளைகளைக் குறுக்கே நிறுத்தினார். இன்றைய கிதாரின் வடிவத்தை நிலைநிறுத்திய எசுப்பானியர் அந்தோனியோ தெ தோரெசு (1817–1892) மரமுளை, திருகாணி ஆகிய இரண்டையுமே கையாண்டார். பிளமெங்கோ இசைக்கான கிதார்களில், எடை குறைவென்னும் காரணம் பற்றி, மரமுளை நெடுங்காலம் நிலைத்தது. 1940களில் ஆல்பர்ட் அகசுடின் நியூயார்க்கில் உருவாக்கிய நைலான் நரம்பைக் கிதார் மேதை ஆந்திரே செகோவியா ஏற்றுக்கொண்டார். புதிய நைலான் நரம்பு பல நாள் நீண்டுகொண்டே இருக்கும். அதனை அடிக்கடி சிறுகச் சிறுக இறுக்கத் திருகாணியே ஏற்றதாயிற்று.

மூன்று துளைகள்

திருகாணி வந்தபின் சுருதி சேர்த்தல் எளிதாயிற்று என்பர். வாசிப்பவருக்கு அது உண்மை. கருவி செய்பவருக்கோ புதியதொரு கடுமை வந்து சேர்ந்தது.

மரமுளை ஒவ்வொன்றும் தனித்தது. ஒன்றின் துளை சற்றே விலகினும் மற்றொன்றைத் தாக்காது. திருகாணியில் மூன்று உருளைகள் ஒரே பித்தளைத் தகட்டில் பிணைந்துள்ளன. உருளைக்கும் உருளைக்கும் இடைவெளி பெரும்பாலும் 35 மி.மீ. உருளையின் குறுக்களவு 10 மி.மீ. தலைப்பலகையின் தடிப்பு 20 மி.மீ. எனக் கொண்டால், துளைக்கு மேலும் கீழும் எஞ்சும் மரம் ஐந்தைந்து மி.மீ. மட்டுமே. துளை பக்கச் சுவரை ஊடுருவிக் காடியைக் கடந்து நடுத்தண்டில் முடியவேண்டும். மூன்றும் ஒரே கோட்டில், ஒன்றுக்கொன்று இணையாக, காடியின் சுவருக்குச் செங்குத்தாக அமையவேண்டும். காடியை வெட்டியபின் துளையிட்டால் துரப்பணம் இடைவெளியில் தடுமாறும் ஆதலின், மரம் முழுமையாக இருக்கும்போதே துளையிட்டுப் பின்னர்க் காடி வெட்டுவோர் பலர்.

ஒரு துளை அரை மி.மீ. விலகினாலும் தகட்டை முடுக்கியவுடன் உருளை மரத்தில் நெரிபடும். குமிழைத் திருகும்போது நரம்பு அசையாது நின்று, திடீரெனத் தாவும். கேட்போர் பொறியைப் பழிப்பர். குற்றம் துளையில் இருக்கும். வார்னிஷ் துளையின் உட்சுவரில் படிந்தாலும் இதே இடர் நேரும்.

தகட்டை எந்தப் பக்கம் பொருத்துவது என்பதும் கருதத்தக்கது. இன்றைய பொறிகளில் திருகுபுரித் தண்டு, சக்கரத்திற்குக் கழுத்தை நோக்கிய பக்கத்தில் அமையும். நரம்பும் கழுத்தை நோக்கியே இழுப்பதால், சக்கரம் புரியின்மேல் அழுந்தி இறுகப் பிடிக்கும். இடத்தகட்டை வலப்புறம் மாற்றிப் பொருத்தினால் அதே இழுவிசை சக்கரத்தைப் புரியிலிருந்து விலக்கும். பற்கள் விரைந்து தேயும். தகட்டைப் பிணைக்கும் சிறு பித்தளை மரையாணி மென்மையானது; முன்துளையிடாமல் கடின மரத்தில் முடுக்கினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

ஆறு நைலான் நரம்புகளின் இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. அதனைத் தாங்குவது இரும்போ பித்தளையோ மட்டுமன்று. முன்பின் பிசகாத அந்தத் துளைகளும் ஆம். வாசிப்பவர் கையிலிருந்த திறனின் ஒரு பங்கு செய்பவர் கைக்கு மாறியது என்பதே திருகாணி வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தியாகும்.

செய்பவர் கையும் புலவர் கண்ணும்

நம் யாழின் உறவாகிய வில்வடிவக் கருவி பர்மாவில் சவுங் என்னும் பெயரால் இன்றும் வாழ்கிறது. அதன் கோட்டில் நரம்புகளைக் கட்டியிருந்தவை பருத்திக் கயிறுகள். அவற்றை நகர்த்தியே சுருதி சேர்த்தனர். அண்மைக் காலத்தில் அக்கயிறுகளுக்கு ஈடாகக் கிதாரின் திருகாணிகளைப் பொருத்திய சவுங்குகளும் உள்ளன. திவவின் இனமும் திருகாணியும் ஒரே கோட்டில் சந்தித்த இடம் அது.

நம் யாழ் அவ்வாறு தொடர்ந்து வாழவில்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அதன் உருவை மீட்டெடுக்க முயன்றபோது, அவருக்குக் கைகொடுத்தவை பழம்பாடல்களே. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், நெகிழ்ந்தும் இறுகியும் அமையும் திவவை இளமகளின் முன்கை வளைக்கு ஒப்பிட்டார். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார், யாழின் துளையை அடைத்த ஆணியில் வளைநண்டின் கண்ணைக் கண்டார். இவை உவமை அழகு மட்டும் கருதிக் கூறியவை அல்ல. கருவியை அருகிருந்து நோக்கி, எது எதனைப் பிணைக்கிறது என்று அறிந்தவர் கூற்று. அப்புலவர்கள் ஒலியை மட்டும் பாடிச் சென்றிருந்தால், யாழுக்கு உறுப்புகள் இருந்தன என்பதையே நாம் அறிந்திருக்கமாட்டோம்.

இன்றைய கவிதையில் வீணையும் குழலும் கிதாரும் மிகுதியாக ஒலிக்கின்றன. பிருடையும் துளையும் தகடும் அவற்றில் இடம்பெறுதல் அரிது. கருவி செய்வோரின் பட்டறைச் சொற்கள் ஏட்டில் ஏறாமலே மறைந்து வருகின்றன. நம் வட்டத்துக் கவிஞர் ஒருமுறையேனும் ஒரு கருவிப் பட்டறைக்குச் சென்று, துளையிடும் கையை நோக்கி, அங்கு வழங்கும் சொற்களைக் கேட்டு வருதல் வேண்டும். வருங்காலத்தில் எவரேனும் நம் கருவிகளை மீட்டெடுக்க முற்படின், அவர்கள் தேடி வரப்போவது நம் பாடல்களையே ஆகும்.