டால்டா 13

ஹோமாய் வ்யாரவாலா எடுத்த தொடக்ககாலப் படங்கள் பல அவருடைய கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. 1930களின் பம்பாய் அது. பெண் எடுத்த படத்துக்கு மதிப்பிருக்காது என்று கணக்குப் போட்ட காலம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று இன்று நாம் எழுதுகிறோம். 2011இல் பத்ம விபூஷண் வந்தபோது அவருக்கு வயது 97.

பின்னர் அவர் சூடிக்கொண்ட புனைபெயர் 'டால்டா 13'. வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரித்துவிடுகிறார்கள். பிறந்தது 1913இல், கணவரைச் சந்தித்தது 13 வயதில், முதல் காரின் எண் டிஎல்டி 13. வனஸ்பதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1942இல் பிரிட்டிஷ் தகவல் சேவையில் வேலை கிடைத்து டெல்லிக்குப் போனார். புடவை கட்டிக்கொண்டு, தோளில் கனத்த ஸ்பீட் கிராஃபிக் கேமராவோடு ஆண்கள் கூட்டத்துக்குள் நின்றார். "இப்படி நில்லுங்கள், அப்படிப் பாருங்கள்" என்று யாரையும் நிறுத்திவைத்துப் படமெடுப்பதில் அவருக்கு விருப்பமில்லை. எதிரிலிருப்பவர் கேமராவை மறக்கும்வரை காத்திருப்பார். விமானத்துக்குள் நேரு, தன் வாயில் ஒரு சிகரெட் இருக்க, பிரிட்டிஷ் துணைத் தூதரின் மனைவிக்குச் சிகரெட் பற்றவைக்கும் படம் அப்படிக் கிடைத்ததுதான். விமான நிலையத்தில் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டைக் கட்டியணைக்கும் நேருவும் அப்படித்தான்.

பெண்ணுக்குப் பொறுமை பிறவிக்குணம், அதனால் இந்தப் படங்கள் வாய்த்தன என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் தகட்டை மாற்ற வேண்டும். எரிந்த ஃபிளாஷ் பல்பைக் கழற்றிப் புதிதாகச் செருக வேண்டும். இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது. எந்த நொடியில் விரலை அழுத்துவது என்பது தொழில் கற்றுத்தந்த கணக்கு. அதைப் பெண்மையின் வரவில் எழுதினால் அவருடைய உழைப்பு மறுபடியும் வேறொரு பெயருக்குப் போகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பெண்ணால் என்ன செய்துவிட முடியும் என்று சுற்றியிருந்த ஆண்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அந்த அலட்சியத்தை அவர் வழியாக்கிக்கொண்டு அதிகாரத்தின் மிக அருகில் போய் நின்றார். ஆனாலும் யாரையும் கேவலப்படுத்தும் கணத்தை எடுக்கக் கூடாது என்பதில் பிடிவாதம். இது நாகரிகமா, 'நல்ல பெண்' என்ற பயிற்சியின் மிச்சமா? இரண்டுமாக இருக்கலாம். 1969இல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு தொழிலையே விட்டார். புதிதாக வந்த படக்காரர்களின் நடத்தை பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

வாழ்நாள் முழுக்க அவர் வருந்தியது எடுக்காத ஒரு படத்துக்காக. 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரைக் கணவர் திருப்பி அழைத்தார், மறுநாள் சேர்ந்தே போகலாம் என்று. மறுநாள் அவர் எடுத்தது இறுதி ஊர்வலத்தை.