வலம்புரி யாருக்கு வலம்?

தரங்கம்பாடி, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தின் கடற்கரை ஊர், 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் கையில் இருந்தது. 1706இல் அங்கு வந்திறங்கிய மிஷனைப் பற்றி நம்மவர் எழுதும்போது அச்சுக்கூடம் வரும், வேதாகமம் வரும். கரையிலிருந்து கப்பலேறிய சங்கும் கிளிஞ்சலும் வராது. 1771இல் வந்த பாதிரியார் ஜான், இங்கத்திய மீன்களை பெர்லினிலிருந்த பிளோக்குக்கு அனுப்பினார். கிளிஞ்சல்கள் கோபன்ஹேகனுக்கு, கெம்னிட்ஸிடம் போயின. அவரும் பாதிரிதான், பல தொகுதிகளாக வந்த கிளிஞ்சல் களஞ்சியமொன்றை எழுதியவர்.

கப்பலேறியது ஓடு. மாதக்கணக்கான பயணத்தில் சதை நாறிப்போகுமே! ஆக, ஐரோப்பிய அறிவுக்குக் கிடைத்தது உயிர் காலிசெய்துவிட்டுப் போன வீடு. 1767இல் லின்னேயஸ் நம்ம சங்கை வொலூட்டா பேரினத்தில் சேர்த்தார். உள்தண்டின் மடிப்புகள்தான் அப்பேரினத்தின் அடையாளம். 1799இல் லமார்க் டர்பினெல்லா என்று தனிப் பேரினம் வகுத்தார். அதற்கும் ஓடே சாட்சி.

1786இல் வெளியான கெம்னிட்ஸின் 9ஆம் தொகுதி, இடப்பக்கம் சுழலும் ஓடுகளைப் பேசுகிறது. நாம் வலம்புரி என்று கொண்டாடுவது ஓட்டியலாருக்கு இடஞ்சுழி. எப்படி? கூர்முனையை மேலே நிறுத்தி, வாயைப் பார்ப்பவன் பக்கம் திருப்பினால் வாய் இடப்பக்கம் இருக்கும். தலைகீழாகப் பிடித்தால் அதே வாய் வலப்பக்கம். பிடிக்கிற கையைப் பொறுத்த விஷயம் இது.

உடனே, காலனியம் நம் வலத்தை இடமாக்கிவிட்டது என்று தீர்ப்பெழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுக்கலாம். ஓட்டுக்குள் இருந்த உயிரையும் கேட்டாக வேண்டும். சாதாரணச் சங்குப்பூச்சியின் இனவுறுப்பு அதன் உடலுக்கு வலப்பக்கம். வலம்புரியில் எல்லாம் கண்ணாடிப் பிம்பம்போல் இடப்பக்கம். உடற்கூறு ஓட்டியலார் பக்கம்தான் நிற்கிறது. ஓட்டை மட்டும் கையில் வைத்திருந்தவர்களுக்கு இப்படியொரு சாட்சி பின்னால் வந்து சேர்ந்தது.

எப்போதும் அப்படி வந்து சேர்வதில்லை. கொலம்பேரியம் என்னும் ஆழ்கடல் நத்தை. முள் வைத்த கோபுரம்போல் ஓடு. 1881இல் ஃபான் மார்ட்டன்ஸ் அதை புளூரோட்டோமாவின் கீழ் வைத்தார். 1980களில் ஹாராசெவிச் உடலை அறுத்துப் பார்த்து, அது சங்கின் சொந்தம் என்றார். இன்று அது தனிக் குடும்பமாக எண்ணப்பட்டாலும் அந்தச் சொந்தம் அறுபடவில்லை. இங்கே ஓட்டை உடல் மறுத்துவிட்டது.

எங்கே நின்று, எதைக் கையில் வைத்துப் பேசுகிறோம் என்று சொல்லாத வகைப்பாடு அரை வகைப்பாடு. கோபன்ஹேகனுக்குச் சொன்ன இதே பேச்சு, வலம்புரியைப் பூஜையறையில் வைத்து அதன் வலது இயற்கையே தந்தது என்று நம்பும் நமக்கும்தான்.