எல்லைப்புறம் எது?

விருதுநகரையும் தென்காசியையும் இணைக்கும் இருப்புப்பாதை சங்கரன்கோவில் வழியாக 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நம் கரிசல் நிலத்துப் பருத்திக்கும் ஊர்த் தறிகளில் நெய்த துணிக்கும் அதனால் புதுவழி பிறந்தது. அதே காலத்தில், வடக்கே நெடுந்தொலைவில், மற்றொரு பருத்தி நாட்டுக்காகவும் இருப்புப்பாதை போடத் தொடங்கினார்கள். துருக்கிஸ்தானையும் சைபீரியாவையும் இணைத்த 'துர்க்சிப்' பாதை அது. நீளம் ஏறத்தாழ 1,440 கிலோமீட்டர். நம் பாதையைப் பற்றி உலகம் பேசவில்லை. அந்தப் பாதையோ, முடிவதற்கு முன்பே, 1929இல் திரைப்படமாகி நாடு பல சுற்றியது.

விக்தர் தூரின் இயக்கிய 'துர்க்சிப்' பேசாப் படம். பனி உருகி வரும் நீருக்காக உழவர் காத்திருக்கின்றனர். இருக்கும் நீரைப் பருத்திக்கு விட்டால் கோதுமைக்கு இல்லை. சைபீரியத் தானியம் வந்து சேர்ந்தால் நிலம் முழுவதும் பருத்தி விளையும். அதற்கு இரயில் வேண்டும். மணற்புயலில் ஒட்டகச் சாத்து தவிக்கிறது. புதிதாக வந்த இரயிலோடு கஸாக்கியர் குதிரையேறிப் பந்தயம் ஓடுகின்றனர். உழைக்கும் கைகளையும் ஓடும் நீரையும் இத்துணை அழகாகக் காட்டிய படங்கள் சிலவே என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

இத்தகைய படம் இது ஒன்றுதானா? 1926இல் ஸீகா வெர்த்தோவ், சோவியத் அரசு வாணிப நிறுவனத்துக்காக 'உலகின் ஆறிலொரு பங்கு' என்னும் படத்தை எடுத்தார். 1928இல் புதோவ்கின் மங்கோலிய வேட்டைக்காரன் ஒருவனைக் கதைத் தலைவனாக்கினார். 1930இல் கலத்தோஸோவ், காக்கேசிய மலைச் சிற்றூர் உப்புக்கு ஏங்குவதைக் காட்டினார். 1934இல் வெளிவந்த 'லெனினைப் பற்றிய மூன்று பாடல்கள்' முகத்திரை நீக்கும் முஸ்லிம் பெண்ணில் தொடங்குகிறது. களங்கள் வேறாயினும் இவற்றுள் பலவற்றின் கதையோட்டம் ஒன்றே: எல்லைப்புறம் இருளில் காத்திருக்கிறது, தலைநகரிலிருந்து ஒளி வருகிறது.

ஆனால், அந்த நிலம் எவருக்கு எல்லைப்புறம்? ஹதீஸ் கலையின் பேரறிஞர் இமாம் புகாரி பிறந்தது புகாராவில். அடங்கியிருப்பது சமர்கந்துக்கு அருகில். இமாம் திர்மிதியின் ஊர் திர்மித். நம் காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் புகாரி ஷரீஃப் ஓதப்படுகிறது. அம்மஜ்லிஸில் அமர்ந்திருப்போருக்குப் புகாரா அறிவின் நடுமுற்றம். அந்த நகரத்தையே 1925இல் வெளிவந்த 'மரண மினாரா' என்னும் சோவியத் படம் அந்தப்புரக் கேளிக்கைக் கதைக்குக் களமாக்கியது.

அங்கு வறுமையும் எழுத்தறியாமையும் பெண்களின் துயரமும் இருந்தன. பள்ளிகளும் இரயிலும் பயன் தந்தன. இவற்றை ஒப்புக்கொண்டுதான் மேலே சொல்ல வேண்டும். படம் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், 1930 முதல் 1933 வரை, கஸாக்கியரின் கால்நடைகள் பறிக்கப்பட்டன. நாடோடி வாழ்வு வலிந்து நிறுத்தப்பட்டது. அதனால் விளைந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மாண்டனர். இரயிலோடு பந்தயம் ஓடிய குதிரைவீரருள் எத்தனை பேர் அதில் தப்பினரோ! 1920களின் இறுதியில் அவர்களுடைய அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்து வந்தது. 1940ஐ ஒட்டி அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது. பாட்டனார் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாமற் போயிற்று. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் 1960களிலிருந்து ஆரல் கடலும் வற்றியது.

இது சோவியத் நாட்டின் குற்றம் மட்டுமன்று. 'துர்க்சிப்' படத்தின் ஆங்கிலப் பதிப்பை உருவாக்கியவர் ஜான் கிரியர்சன். அவருடைய மாணவர் போலிருந்த பாஸில் ரைட், 1934இல் தேயிலை விளம்பரக் கழகத்துக்காக 'இலங்கைப் பாடல்' என்னும் படத்தை எடுத்தார். 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் நாக்ஸ் எழுதிய நூற்பகுதிகளை லயனல் வெண்ட் அதில் வாசிக்கிறார். தேயிலை வாணிபம் பேசப்படுகிறது. ஆயின், நெல்லைச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் கப்பலேறிப் போய் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர், தம் கதையைத் தாமே சொல்லும் குரலை அதில் நாம் கேட்க முடியாது.

கேமரா எங்கு நிற்கிறதோ அவ்விடமே நடுவாகிவிடுகிறது; எஞ்சியதெல்லாம் ஓரமாகிவிடுகிறது. பிறர் எடுத்த படத்தைக் குறை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? நம் முன்னோர் எழுதிய அரபுத் தமிழ் ஏடுகளைப் படிக்கத் தெரிந்தோர் இன்று மிகக் குறைவு. அவற்றைப் படிக்கக் கூடாதென்று இங்கு எவரும் ஆணையிடவில்லை, நாமே கைவிட்டோம். அடுத்த தலைமுறைக்கு நம் ஊரின் கதையைச் சொல்ல வேண்டியவர் நாம். அந்த ஏடுகளைத் தேடி எடுத்து, படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே கற்றுக்கொள்வோமாக.