துறையடிச் சட்டம்: மட்டக்களப்பு வாவிக்கரையில் வீதிப் பொலிஸின் வரலாறு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் வரும் படுவான்கரை விவசாயி நீரைக் கடந்தே ஆகவேண்டும். கடக்கும் இடங்களோ வலையிறவு, மண்முனைத்துறை, பட்டிருப்பு, குருமண்வெளி என ஒரு சில. இதனால் இங்கு வீதிச் சட்டத்தை நிறைவேற்ற வந்தவர்கள் ஊரூராகச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. பாலத்தடியிலோ துறையடியிலோ நின்றாலே எல்லோரும் அகப்படுவர். இங்கு வீதிச் சோதனை என்றாலே கடவையில் மறித்து விசாரிப்பதுதான் என்று மக்கள் மனத்தில் பதிந்ததற்கு இந்த நில அமைப்பே முதற் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலங்கைப் பொலிஸுக்கு அடித்தளமிட்டது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாட்டுவண்டி, துவிச்சக்கரவண்டி முதலியவற்றை 1916ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க வண்டிகள் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. இக்காலத்தில் வாவியின் குறுக்கே, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் அமைந்த கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனமே செல்லக்கூடிய ஒடுங்கிய பாலம் அது. பின்னர் 1938இல் மோட்டார் வண்டிகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் யாவும் இயந்திரம் பூட்டிய வாகனத்துக்கே உரியனவாயின. சைக்கிள்காரரிடம் கேட்க விளக்கும், உள்ளூராட்சி மன்ற வரியும், இன்னொருவரை 'டபிள்' ஏற்றிய குற்றமுமே எஞ்சின. பெருந்தொகையான மக்கள் சைக்கிளில் போய்வந்த பிரதேசத்தில், அவர்களுடைய பாதுகாப்புக்கென்று சட்டம் வேறெதையும் பெரிதாக யோசிக்கவில்லை. இதை ஒரு பெருங்குறையாகவே கருதுகிறேன்.

1990 ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளின் கையில் விழுந்தன. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டனர். அதன்பின் நெடுங்காலம் வீதியில் நின்றவர் கையில் தண்டப் பத்திரம் இருக்கவில்லை, துப்பாக்கிதான் இருந்தது. மண்மூட்டை அரணுக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும், கூடையைத் திறந்து காட்டவேண்டும், 'ஐசி' எனும் அடையாள அட்டையை நீட்டவேண்டும். விளக்கு எரிகிறதா என்று எவரும் பார்க்கவில்லை. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்பதே கேள்வி. படுவான்கரைக்கு எரிபொருளும் மின்கலமும் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு இருந்தமையால் மோட்டார் சைக்கிள் குறைந்து, சைக்கிளே குடும்ப வாகனமும் பார வண்டியுமாயிற்று. நெல்மூட்டையும் நோயாளியும் அதிலேயே துறைக்கு வந்தனர்.

மறுகரையில் வேறொரு பொலிஸ் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் உருவான, விடுதலைப் புலிகளின் தமிழீழக் காவல்துறை போக்குவரத்தையும் கவனித்தது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின் வன்னியின் ஏ-9 வீதியில் அவர்கள் வேகமானியுடன் நின்று தண்டம் விதித்ததைப் பயணம் செய்தவர்கள் அறிவர். ஓர் ஆட்சி தன்னை அரசாகக் காட்டிக்கொள்ள முதலில் கையிலெடுக்கும் வேலைகளுள் வீதி ஒழுங்கும் ஒன்று என்பதற்கு இது தக்க சான்று. படுவான்கரையின் கொக்கட்டிச்சோலை 2007 மார்ச்சில் இராணுவத்திடம் வீழ, அங்கு அந்தக் காவல்துறையின் காலமும் முடிந்தது.

அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் முடிந்தது. புதிய கல்லடிப் பாலம் 2013இலும் மண்முனைப் பாலம் 2014இலும் திறக்கப்பட்டன. மண்முனைத்துறையில் 'பாதை' எனப்படும் மிதவைக்காகக் காத்திருந்த காலம் போய், லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள்கள் பாலத்தில் விரைந்தன. பொலிஸும் தலைக்கவசம், அனுமதிப்பத்திரம், வரிப்பத்திரம், காப்புறுதி என்று கேட்கத் தொடங்கியது. 2018 ஜூலை 15 முதல் 33 குற்றங்களுக்கான உடனடித் தண்டம் உயர்ந்தது. ஆயினும் பழைய அச்சம் நீங்க இடமேற்படவில்லை. அதே ஆண்டு நவம்பர் 30 அதிகாலை படுவான்கரையின் வவுணதீவுச் சோதனைச்சாவடியில் கடமையிலிருந்த இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளி ஒருவரே முதலில் கைதானார். ஆனால் கொலையைச் செய்தவர்கள் சஹ்ரானின் தீவிரவாதக் குழுவினரே என்பது, அவர்கள் நடத்திய 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகுதான் விசாரணையில் வெளிவந்தது. அத்தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கானதால் சோதனைச்சாவடிகள் மீண்டும் முளைத்தன. சந்தியில் பொலிஸைக் கண்டதும் உள்வீதியில் திரும்புகிறவர் எல்லோரும் குற்றவாளி அல்லர். அந்தப் பழக்கத்துக்கு வயது முப்பதுக்கு மேல்.

தண்டம் கட்டும் முறையும் படுவான்கரைக்காரரைத் துறையடிக்கே திருப்பி அனுப்புகிறது. பொலிஸ் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு தாளொன்றைக் கொடுக்கும். தபாலகத்தில் கட்டுபவர் 14 நாட்களுக்குள் பணம் கட்டிப் பற்றுச்சீட்டுடன் அதே நிலையத்துக்குப் போகவேண்டும். நகரில் பிடிபட்ட, படுவான்கரையின் மண்டூர்க்காரருக்கு ஒருநாள் கூலி இதிலேயே போகும். 2025இல் 'கவ்பே' எனும் இணையவழிச் சேவை மூலம் கட்டும் வசதி தொடங்கப்பட்டது நல்ல மாற்றம். பொலிஸ் கொடுக்கும் தண்டத் தாளில் எழுதப்படுவதும் பலவேளை சிங்களத்தில். ஆனால் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் 1988இலேயே வந்தது. அதன்படி வடக்குக் கிழக்கில் நிருவாக மொழி தமிழ். எந்தக் குற்றத்துக்குத் தண்டம் என்று வாசிக்க முடியாதவர் வீதி ஒழுங்கை அதிலிருந்து எப்படிக் கற்பார்?

தண்டத் தாள் தமிழில் எழுதப்படவேண்டும். பாலங்களின் இரு முனைகளிலும் சைக்கிள்காரருக்கு அடையாளமிட்ட தனி ஓரம் வேண்டும். மட்டக்களப்பு மாநகர சபையும் வாவிக்கரைப் பிரதேச சபைகளும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் பொலிஸும் ஒன்றாக உட்கார்ந்து இவற்றைச் செய்ய முன்வரவேண்டும்.